ஒன்பது ஃபைல், ஒரே கையேடு: ‘பார்க்க’ குறிப்புகள் உடையாமல் இருக்க

கேள்வி: அம்பத்தூரில் பம்ப் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பம்ப் கையேடு அத்தியாயத்துக்கு ஒன்றாக ஒன்பது வேர்ட் ஃபைல்களில் இருக்கிறது. நான்கு பேர் எழுதுகிறார்கள். பாதுகாப்புக் கையேடும் ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியலும் தனிப் புத்தகங்கள். ‘பிரிவு 5.3-ஐப் பார்க்க’ என்பது போன்ற குறிப்புகள் எல்லா ஃபைல்களிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. வேர்டின் கிராஸ் ரெஃபரன்ஸ் பெட்டியில் வேறு ஃபைலின் தலைப்புகள் வருவதில்லை. காப்பி செய்து ஒட்டினால் திரையில் சரியாகத் தெரிகிறது, பிரிண்ட் எடுக்கும்போது ‘எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்’ என்று அச்சாகிறது. மாஸ்டர் டாக்குமென்ட் (தனித்தனி ஃபைல்களை ஒன்றாகக் கோக்கும் தலைமை ஃபைல்) போடு என்கிறார் ஒருவர், கூகுள் டாக்ஸுக்கு மாறு என்கிறார் இன்னொருவர். அடுத்து தமிழ்ப் பதிப்பும் வரப்போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

பம்ப் கையேட்டில் ஒரு பிரிவு எண் தவறினால் அதற்கான விலையைக் கொடுப்பது நீங்களோ நானோ இல்லை, திண்டிவனம் பக்கம் ஏதோ ஒரு கிணற்றடியில் கையேட்டை விரித்து வைத்திருக்கும் ஃபிட்டர்தான். ‘சுவிட்ச் போடும் முன் பிரிவு 5.3-ஐ முடிக்கவும்’ என்று படிக்கிறார். 5.3-இல் பிரைமிங், அதாவது ஓட்டும் முன் பம்புக்குள் தண்ணீர் நிரப்புவது, இருக்க வேண்டும். நடுவில் யாரோ ஒரு பிரிவைச் சேர்த்ததால் பிரைமிங் 5.4-க்குப் போய்விட்டது, 5.3-இல் இப்போது கப்ளிங் அலைன்மென்ட் (மோட்டார் தண்டையும் பம்ப் தண்டையும் நேர்செய்வது) இருக்கிறது. அதைத்தான் முடித்துவிட்டோமே என்று அவர் சுவிட்சைப் போட்டுவிடுவார். உள்ளே தண்ணீர் நிரம்பாமல் ஓடும் சென்ட்ரிஃப்யூகல் பம்பில், தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் சூடேறிக் கெட்டுப்போக நீண்ட நேரம் தேவையில்லை. அதனால் உங்கள் கவலை மிகவும் நியாயமானது. இதை ஒரு வேர்ட் சில்லறைத் தொல்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முதலில், திரையில் சரியாக இருப்பது பிரிண்டில் ஏன் உடைகிறது என்று பார்ப்போம். அது புரிந்தால் மற்றதில் பாதி புரிந்த மாதிரி. நீங்கள் கிராஸ் ரெஃபரன்ஸ் போடும்போது வேர்ட் இரண்டு காரியம் செய்கிறது. எந்தத் தலைப்பைச் சுட்டுகிறீர்களோ, அந்தத் தலைப்பைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத ஒரு புக்மார்க்கை வைக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் ‘அந்த புக்மார்க்கின் எண்ணைக் கொண்டுவா’ என்று சொல்லும் ஒரு ஃபீல்டை வைக்கிறது. அந்த ஃபீல்டு கடைசியாகக் கிடைத்த விடையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். திரையில் நீங்கள் பார்க்கும் ‘5.3’ என்பது அந்தப் பழைய விடை. இப்போது அந்த வாக்கியத்தை மட்டும் இன்னொரு ஃபைலில் ஒட்டுகிறீர்கள். ஃபீல்டு வந்துவிடும், பழைய விடையும் கூடவே வந்துவிடும். ஆனால் புக்மார்க் அத்தியாயம் ஐந்தின் தலைப்போடு அங்கேயே இருந்துவிடும். பிரிண்ட் கொடுக்கும்போது, பிரிண்டுக்கு முன் ஃபீல்டுகளைப் புதுப்பிக்கும் வசதி இயங்கியிருந்தால், வேர்ட் புக்மார்க்கைத் தேடும். இந்த ஃபைலில் அது இல்லை என்று தெரிந்ததும் எரர் போடும். ஆல்ட் எஃப்9 அழுத்திப் பாருங்கள், எண்கள் மறைந்து ஃபீல்டுகளின் உள்ளே இருக்கும் கட்டளை தெரியும். மீண்டும் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

ஆக, எரர் வந்த பக்கத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது உண்மையைச் சொல்கிறது. எரர் வராமல் பழைய எண்ணை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும் பக்கம்தான் ஆபத்து.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். ஒன்பது அத்தியாயங்களையும் இரண்டு தனிப் புத்தகங்களையும் சேர்த்து ஒரே சிக்கலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வெவ்வேறான இரண்டு சிக்கல்களாகத் தெரிகிறது. ஒன்பது அத்தியாயங்கள் ஒரே புத்தகம், வாடிக்கையாளர் கையில் ஒன்றாகத்தான் போய்ச் சேரும். பாதுகாப்புக் கையேடும் ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியலும் வேறு புத்தகங்கள், அவை தனியாக அச்சாகும், தனியாகத் திருத்தப்படும். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்க முயல்வதால்தான் எல்லாம் பின்னிக்கொள்கிறது.

ஒரே புத்தகமாக இருப்பதை ஒரே ஃபைலாக ஆக்கிவிடுங்கள். ‘ஃபைல் பெரிதானால் வேர்ட் தாங்காது’ என்று யாராவது சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் சொல்லும் எல்லை, படங்கள் நீங்கலாக எழுத்துக்கு மட்டும் 32 எம்பி. உங்கள் கையேடு அந்தப் பக்கமே போகாது. ஃபைலைக் கனமாக்குவது மொபைலில் எடுத்து அப்படியே ஒட்டிய பம்ப் படங்கள்தான். அவற்றைச் சுருக்கிவிட்டால் நானூறு பக்கக் கையேட்டைக்கூட சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரில் நிம்மதியாகத் திருத்தலாம். தலைப்புகளை ஓரத்தில் பட்டியலிடும் நேவிகேஷன் பேனைத் திறந்து வைத்துக்கொண்டால் அத்தியாயங்களுக்கு இடையே தாவுவதும் எளிது.

சரி, நான்கு பேர் எப்படி ஒரே ஃபைலில் எழுதுவது? எழுதும் காலம் வரை ஒன்பதாகவே இருக்கட்டும், பரவாயில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வேறு அத்தியாயத்துக்கு யாரும் எண் போடக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். எண்ணுக்குப் பதிலாக ஒரு தற்காலிகக் குறியைத் தட்டட்டும்: ‘பார்க்க ##பிரைமிங்##’, ‘பார்க்க ##அலைன்மென்ட்##’ என்று. எழுத்து முடிந்து, திருத்தமும் முடிந்து, ஒன்பதையும் ஒன்றாகச் சேர்த்த பிறகு, தேடுபெட்டியில் ## போட்டு ஒவ்வொன்றாகப் போங்கள். இப்போது எல்லாத் தலைப்புகளும் ஒரே ஃபைலில் இருப்பதால் கிராஸ் ரெஃபரன்ஸ் பெட்டியில் வந்து நிற்கும். ஒவ்வொரு குறியையும் அழித்து உண்மையான ரெஃபரன்ஸ் போடலாம். இந்த வேலையை ஒரே ஆள், ஒரே மூச்சில் செய்வது நல்லது. இப்படிச் செய்யும்போது எனக்குப் பிடித்த இன்னொரு பலனும் உண்டு: ‘பார்க்க’ என்று எழுதிவிட்டு யாருமே எழுதாமல் விட்ட பிரிவுகள் இப்போது வெளியே வந்துவிடும்.

சேர்க்கும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஒன்பது ஃபைலும் ஒரே டெம்ப்ளேட்டில் இருக்க வேண்டும், தலைப்புகள் எல்லாம் ஹெடிங் 1, ஹெடிங் 2 ஸ்டைலில் இருக்க வேண்டும். எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கினால் அது மனிதக் கண்ணுக்குத்தான் தலைப்பு, வேர்டுக்கு இல்லை. அப்புறம், ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு செக்‌ஷன் பிரேக் போட்டுவிட்டு, ‘டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்’ வழியாக வரிசைப்படி ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவாருங்கள். பிரேக் இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதியின் ஹெடரும் ஃபூட்டரும் போய்விடும். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. அத்தியாயம் இரண்டை ‘சேவ் ஆஸ்’ செய்து, உள்ளே இருந்ததை அழித்து, அத்தியாயம் மூன்றை எழுதியிருப்பார்கள். அப்படியானால் அந்த மறைந்த புக்மார்க்குகளில் சில இரண்டு ஃபைலிலும் ஒரே பெயரில் இருக்கலாம். ஒரு ஃபைலில் ஒரே பெயரில் இரண்டு புக்மார்க் இருக்க முடியாது, சேர்க்கும்போது ஒன்று காணாமல் போகும். அதைச் சுட்டிய குறிப்பு எரர் காட்டாமலே தவறான அத்தியாயத்துக்குப் போய் நிற்கும். இப்படிப் பிறந்த ஃபைல்கள் உங்களிடம் இருந்தால், பழைய ரெஃபரன்ஸ்களை நம்பாமல் எல்லாவற்றையும் ## குறியாக மாற்றிவிட்டுச் சேருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

ஒன்றான பிறகு, தலைப்புகளைத் திருத்தும்போது எல்லாருக்கும் ஒரு பழக்கம் வர வேண்டும். தலைப்பு முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டக் கூடாது, அதோடு புக்மார்க்கும் அழிந்துவிடும். உள்ளே கர்சரை வைத்து வேண்டிய சொல்லை மட்டும் மாற்றுங்கள். தலைப்புக்கு மேலே புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டுமானால், அந்தத் தலைப்பின் முதல் எழுத்துக்கு முன்னால் நின்று என்டர் தட்டாமல், முந்தைய பத்தியின் கடைசியில் நின்று தட்டுங்கள். இல்லாவிட்டால் புக்மார்க் புதிய பத்தியையும் சேர்த்து வளைத்துக்கொள்ளும். ‘பார்க்க’ என்ற இடத்தில் ஒரு முழுப் பத்தி வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நீங்கள் திகைத்திருந்தால் காரணம் இதுதான்.

அடுத்து, தனித்தனிப் புத்தகங்கள். இதில்தான் உங்களிடம் கொஞ்சம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்தைச் சுட்டும்போது, தானாக மாறும் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். 5.3 என்பது அந்தப் பிரிவு இன்றைக்கு நிற்கும் இடம், நாளைக்கு வேறு இடத்தில் நிற்கலாம். பக்க எண் அதைவிட மோசம். உங்கள் கம்ப்யூட்டரில் லதா எழுத்துருவில் 47-ஆம் பக்கத்தில் இருப்பது, நிர்மலா யுஐ-க்கு மாறினால் 49-க்குப் போகலாம். திருவல்லிக்கேணியில் பிரிண்ட் எடுத்து பைண்டிங் செய்யும் கடைக்கு வேர்ட் ஃபைலாகக் கொடுத்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் எல்லாப் பக்கமும் நகர்ந்துவிடும். அச்சுக்கு எப்போதும் பிடிஎஃப்தான் கொடுங்கள்.

பிறகு எதைச் சுட்டுவது? மாறாத அடையாளத்தை. ‘குறள் 391’ என்று சொன்னால், பரிமேலழகர் வைப்பு முறையில் அச்சான எந்தப் பதிப்பைப் புரட்டினாலும் 1330-க்குள் அதே குறள் கிடைக்கிறது. பக்க எண்ணும் உரையும் எழுத்தின் அளவும் பதிப்புக்குப் பதிப்பு மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. உங்கள் கையேட்டின் ஒவ்வொரு செயல்முறைக்கும் அப்படி ஒரு நிரந்தர எண் கொடுங்கள். பிரைமிங் செய்தல் என்பது ‘பணி 14’ என்றால் அது என்றைக்கும் பணி 14. அத்தியாயம் ஐந்திலிருந்து ஆறுக்கு மாறினாலும் அது பணி 14-தான். அந்த எண்ணைக் கையால் தலைப்பிலேயே தட்டிவிடுங்கள், ‘பணி 14: பிரைமிங் செய்தல்’ என்று. தலைப்பில் இருப்பதால் பொருளடக்கத்திலும் தானாக வந்துவிடும். பாதுகாப்புக் கையேடு ‘சுவிட்ச் போடும் முன் பணி 14-ஐ முடிக்கவும் (பம்ப் கையேடு)’ என்று சொன்னால் போதும். பொருளடக்கத்தைப் பார்த்து ஃபிட்டரே கண்டுபிடித்துக்கொள்வார். இரண்டு ஃபைல்களுக்கு நடுவே எந்த இணைப்பும் இல்லாததால் உடைவதற்கும் ஒன்றும் இல்லை.

பணி எண்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும். ஒரு எக்செல் ஷீட் போதும்: எண், தலைப்பு, எந்தப் புத்தகம், எந்தப் புத்தகங்கள் அதைச் சுட்டுகின்றன. கடைசி நெடுவரிசைதான் முக்கியமானது. பணி 14-இன் செய்முறை மாறினால், எந்தெந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அது சொல்லிவிடும். உங்கள் நிறுவனத்தில் ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் இருந்தால், 2015 பதிப்பின் 7.5 பிரிவு ஆவணங்களுக்கு அடையாளமும் மாற்றக் கட்டுப்பாடும் கேட்கிறது. இந்தப் பதிவேடு ஆடிட்டர் முன்னாலும் உதவும்.

‘வாடிக்கையாளர் பிரிவு எண்தான் வேண்டும் என்கிறார், பணி எண்ணை ஏற்க மாட்டார்’ என்ற நிலை வந்தால் வேர்டிலேயே ஒரு வழி இருக்கிறது. தனியாக ஒரு வேர்ட் ஃபைலில் அட்டவணை போட்டு, ஒவ்வொரு பிரிவின் இன்றைய எண்ணையும் சாதாரண எழுத்தாகத் தட்டுங்கள். ஒவ்வொரு எண்ணையும் தேர்ந்தெடுத்து அதற்கு ஒரு புக்மார்க் பெயர் கொடுங்கள். எண்ணை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும், முழுக் கட்டத்தையும் எடுத்தால் அட்டவணையும் கூடவே இழுபட்டு வரும். புக்மார்க் பெயரை ஆங்கில எழுத்தில், எழுத்தில் தொடங்கி, இடைவெளி விடாமல், 40 எழுத்துக்குள் வையுங்கள். மற்றப் புத்தகத்தில் எண் வர வேண்டிய இடத்தில் ‘டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்’ திறந்து, இந்த அட்டவணை ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ‘ரேஞ்ச்’ பொத்தானில் புக்மார்க் பெயரைக் கொடுத்து, ‘இன்செர்ட் ஆஸ் லிங்க்’ கொடுங்கள். வேர்ட் உள்ளே இன்க்ளூட்டெக்ஸ்ட் என்ற ஃபீல்டை வைக்கும். எண் மாறினால் அட்டவணையில் ஒரே இடத்தில் மாற்றிச் சேமித்து, மற்றப் புத்தகங்களைத் திறந்து கண்ட்ரோல் ஏ, எஃப்9 அழுத்தினால் புது எண் வந்துவிடும்.

ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. அந்த அட்டவணை ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ எல்லா இடத்திலும் ‘நாட் எ வேலிட் ஃபைல்நேம்’ என்று வந்து நிற்கும். அதனால் வெளியே அனுப்பும் முன், ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் கண்ட்ரோல் ஏ, பிறகு கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்9 கொடுத்து எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக்கிவிட்டு அனுப்புங்கள். பொருளடக்கம் உட்பட எல்லா ஃபீல்டும் உறைந்துவிடும் என்பதால் மூலத்தில் இதைச் செய்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் பணி எண்ணே போதும், இது வேறு வழியில்லாதவர்களுக்கு.

மாஸ்டர் டாக்குமென்ட் பற்றி: வேர்டில் அது இருக்கிறது, கேட்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் நாலு பேர் திறந்து மூடும் ஃபைல்களில் அது கெட்டுப்போய், துணை ஃபைல்களையும் சேர்த்துக் கெடுக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலருக்கும் தெரிந்த கதை. உங்கள் சூழ்நிலைக்கு வேண்டாம். லிப்ரே ஆஃபீஸின் மாஸ்டர் டாக்குமென்ட் அதைவிட உறுதியானது. அதில் ஒரு துணை ஃபைலில் ஒரு பெயர் வைத்து, இன்னொரு துணை ஃபைலில் அதே பெயரைத் தட்டிச் சுட்டலாம். தனியாகத் திறந்தால் எரர் காட்டும், மாஸ்டரில் திறந்து புதுப்பித்தால் சரியாகிவிடும். இலவசம்தான். இருந்தாலும் வேர்டுக்குப் பழகிய நான்கு பேரை இந்தக் காரணத்துக்காக மட்டும் மாற்றச் சொல்ல மாட்டேன்.

கூகுள் டாக்ஸ், நான்கு பேர் சேர்ந்து எழுதுவதற்கும் கருத்துச் சொல்வதற்கும் நல்ல இடம். அங்கே எழுதட்டும், ## குறியோடு. ஆனால் ரெஃபரன்ஸ் போட்டு முடித்த வேர்ட் ஃபைலை அங்கே ஏற்றித் திருத்திவிட்டுத் திரும்ப இறக்காதீர்கள். ஃபீல்டுகள் அப்படியே திரும்பி வரும் என்று நம்பி அச்சுக்குப் போவது சரியில்லை.

தமிழ்ப் பதிப்புக்கு வருவோம். பழைய அத்தியாயங்கள் எதுவும் பாமினியிலோ வானவில்லிலோ தட்டியதாக இருந்தால், முதல் வேலையாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துருக்களில் திரையில்தான் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது வேறு. தலைப்பு இன்னொரு பத்திக்கு வந்து அங்கே எழுத்துரு மாறினால், புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிடக்கும். தமிழக அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, இன்னும் பழையதோடு போராட வேண்டியதில்லை. படம், அட்டவணை இரண்டுக்கும் கேப்ஷன் பெட்டியில் உள்ள ‘நியூ லேபில்’ வழியாகத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், எண் தானாக ஓடும்.

ஆங்கிலத்தில் வராத ஒரு சிக்கல் தமிழில் வரும், அது வேற்றுமை உருபு. தலைப்பின் முழுப் பெயரையும் ரெஃபரன்ஸாகக் கொண்டுவந்தால் அதன் வாலில் ‘இல்’லோ ‘ஐ’யோ ஒட்ட முடியாது. ‘மோட்டார் இணைப்பு’ என்ற தலைப்பை வேர்ட் கொண்டுவந்து வைக்கும், ‘இணைப்பில்’ என்று நீங்கள் திருத்தினால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது அந்தத் திருத்தம் போய்விடும். அதனால் எண்ணை மட்டும் கொண்டுவந்து, ஃபீல்டுக்கு வெளியே கோடு போட்டு உருபைச் சேருங்கள்: 5.3-ஐ, 5.3-இல், 5.3-க்கு. எண் 5.4 ஆனாலும் இது பொருந்தும். பெயர் கட்டாயம் வேண்டுமென்றால், பெயரை மேற்கோளுக்குள் வைத்து ‘என்ற பிரிவில்’ என்று முடியுங்கள். தமிழ்ப் பதிப்பை எழுதுபவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கண்ட்ரோல் ஏ, எஃப்9. பிறகு தேடுபெட்டியில் எரர் என்பதை ஆங்கிலத்தில் ஆச்சரியக் குறியோடு தட்டித் தேடுங்கள், பிறகு ## தேடுங்கள். ஹெடர், ஃபூட்டர், டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் இருக்கும் ஃபீல்டுகளை கண்ட்ரோல் ஏ தொடாது, அவற்றைத் தனியாகப் பாருங்கள். அதற்குப் பிறகு பிடிஎஃப். கடைசியாக, கையேட்டை எழுதாத ஒருவரிடம், முடிந்தால் உங்கள் அசெம்பிளி பிரிவிலேயே ஒருவரிடம், அச்செடுத்த பிரதியைக் கொடுத்து ‘பார்க்க’ என்று வரும் ஒவ்வொரு இடத்துக்கும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். எண் சரியாக இருந்தும் தவறான பிரிவைச் சுட்டியிருப்பதை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது, பம்ப் தெரிந்த மனிதர்தான் கண்டுபிடிப்பார்.

ஏற்கெனவே வாடிக்கையாளர்களிடம் போய்விட்ட பழைய கையேடுகளுக்காக ஒரு விதியையும் பதிவேட்டின் மேலேயே எழுதி வையுங்கள்: ஒரு பணியை நீக்கிவிட்டால் அந்த எண்ணை வேறு பணிக்குக் கொடுக்கக் கூடாது. புதிய பதிப்பில் ‘பணி 22: நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தால் போதும். ஆங்கிலப் பதிப்பிலும் தமிழ்ப் பதிப்பிலும் பணி எண் ஒன்றாகவே இருக்கட்டும். அம்பத்தூரில் போனை எடுக்கும் சர்வீஸ் இன்ஜினியரிடம் ஆங்கிலப் பதிப்பும், அந்தப் பக்கம் பேசும் ஃபிட்டரிடம் தமிழ்ப் பதிப்பும் இருக்கலாம். ‘பணி 14-ஐ எடுங்க அண்ணே’ என்று சொன்னால் இருவரும் ஒரே செயல்முறையைத் திறந்து வைத்திருப்பார்கள்.